வயரக்காவும் என் லைன் கோளாறும்

புதுத் தொலைபேசி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். எட்டாக மடித்து, எறும்பு எழுத்தில், பத்துப் பன்னிரண்டு மொழிகளில் அச்சடித்த பாதுகாப்புக் குறிப்பு. இந்தப் பினாங்குத் தீவில் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த ஒரே மனிதப் பிறவி எங்கள் வயரக்காதான். வாசித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை நம்பவும் செய்தார்.

எங்கள் அலுவலகம் பீச் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில், மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் இருக்கிறது. லோரிகளை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம். இரண்டாம் மாடியில் புக்கிங் மேசை என்னுடையது. யாருக்கு, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு லோரி வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டு எழுதி, டிரைவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. அதாவது நான் காதால் பிழைக்கிறவன். இந்த விவரம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களாக மறந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

வயரக்கா கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூமில் இருப்பார். பராமரிப்புப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். பிரிவில் மொத்தம் அவர் ஒருவர்தான். ஐம்பத்து நான்கு வயது, குட்டையான உருவம், பஞ்சாபி சூட்டுக்கு மேல் இடுப்பில் ஒரு கருவிப்பை. கட்டடத்திலுள்ள அறுபத்து மூன்று மேசைத் தொலைபேசிகளும் அவர் பொறுப்பு. பெற்ற பிள்ளைகளை எண்ணுவதுபோல் தினமும் காலையில் மூன்று மாடியும் ஏறி எண்ணுவார். தரையில் ஒரு வயர் ஓடினால் குனிந்து மேசைக்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் நிமிர்வார். ஒருமுறை என் செருப்பின் வாரையும் சேர்த்துக் கட்டிவிட்டார். நான் எழுந்தபோது மேசையும் கூடவே வந்தது. அந்த ஆத்திரத்தில் வைத்ததுதான் வயரக்கா என்ற பெயர். பெயர் வைத்தவன் நான் என்பதில் எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் உரசல். புதிய ஆட்கள் எல்லோரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்பார். தொலைபேசியில் ஐந்தாம் எண் பொத்தானில் மட்டும் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கிறதே, அது எதற்கு என்று. நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே அதைப் பார்த்து, முந்தைய ஆள் நாசி லெமாக் சாப்பிட்ட கையோடு போனைத் தொட்டு ஒட்டிக்கொண்ட சோற்றுப்பருக்கை என்று முடிவு செய்து, பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டிருந்தேன். சுத்தமானவன் என்று பெயர் வாங்க ஆசை.

வயரக்கா அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர்கள் ஐந்தைத் தொட்டுத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார்கள் என்று மெதுவாக விளக்கினார். இங்கே கண் தெரியாதவர்கள் யாரும் இல்லையே என்றேன். "இப்ப இல்ல தம்பி. நாளைக்கு யாருக்கு என்ன இல்லாமப் போகும்னு நமக்குத் தெரியாதுல்ல" என்றார். பிறகு தன் நீல அட்டைப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தேன். என் மேசை எண்ணுக்கு நேராக, 'ஐந்து சேதம், காரணம் ஊழியர்' என்று இருந்தது.

அவருடைய சட்டங்களில் முக்கியமானது, ரிசீவரைக் காதில் வைக்குமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது. காதுப் பகுதிக்குள் காந்தம் இருக்கிறதாம், சின்ன இரும்புச் சாமான்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். தாளில் போட்டிருக்கிறது. இதைக் கேட்டு இரண்டாம் மாடியே சிரித்தது. ரொம்பச் சிரித்தவன் நான். மறுநாள் ஸ்டேப்ளரில் பின் நிரப்பும்போது கொஞ்சம் மேசையில் கொட்டிவிட்டது. தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் அழுத்தினேன். மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் இன்றுவரை, தான் பாரிட் புந்தாருக்கு லோரி கேட்டதற்கு நான் ஏன் அப்படி அலறினேன் என்று பிறரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வயரக்கா பஞ்சும் மருந்துமாக மேலே வந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இடி மின்னல் சமயத்தில் தொலைபேசியைத் தொடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். பினாங்கில் பின்னேரம் வானம் கறுக்காத நாள் எத்தனை? முதலில் அவர் ஒவ்வொரு மேசைக்கும் போன் செய்து, "இடி வருது, போனை எடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எடுக்காதே என்று சொல்ல போன் செய்தால், எடுத்தால்தானே தெரியும் என்று நான்தான் கேட்டேன். அவர் அதை ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாளிலிருந்து மூன்று மாடியும் ஏறி, கையில் அதையே எழுதிய ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போல் நடக்க ஆரம்பித்தார். அவருக்கு மூட்டுவலி வந்ததில் எனக்கும் பங்குண்டு.

டுரியான் சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். ஒரு ஜூலை மாதம் பாலிக் பூலாவிலிருந்து ஒரு டிரைவர் எனக்கு நான்கு பழம் கொண்டுவந்து கொடுத்தார். அலுவலகத்துக்குள் டுரியான் கொண்டுவரத் தடை. ஆகவே பெட்டியில் போட்டு, நாளிதழ் சுற்றி, என் மேசைக்கடியில் வைத்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன். பதினொரு மணிக்கு யாரோ கேஸ் வாடை என்றார்கள். பான்ட்ரியில் கேஸ் அடுப்பு இருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரப் பெண் மாலதி தீயணைப்புப் படைக்குச் சொல்ல ரிசீவரைத் தூக்கினாள். படியில் ஏறிக்கொண்டிருந்த வயரக்கா அங்கிருந்தே, கேஸ் கசியும் இடத்தில் போனைத் தொடாதே, ஒரு பொறி போதும் என்று சத்தம் போட்டார். அதுவும் தாளில் இருக்கிறது. கசிவைப் பற்றிச் சொல்வதானால் தூரப்போய்ச் சொல்ல வேண்டும்.

நாற்பது பேர் இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்க் கோப்பிக் கடை வாசலில் நின்றோம். அங்கிருந்துதான் வயரக்கா தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே போய், ஐந்து நிமிடத்தில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பழத்தைக் கொண்டுவந்து வைத்தவன் நான். கேஸ் என்றதும் முதலில் கீழே ஓடியவனும் நான்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். வயரக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, எல்லோரும் இறங்க நான்கு நிமிடம் ஆனது, இன்னும் சீக்கிரம் முடியும் என்று மட்டும் சொன்னார். பழத்தில் ஒரு சுளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் லைன் சரியில்லை என்று புகார் கொடுத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் பேசுவது மூக்கடைத்த மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று தெரியவில்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானை அதன் எல்லைவரை அழுத்தியாயிற்று. சத்தம் கூடியது, சொல் தெளியவில்லை. வீட்டில் என் மனைவி முணுமுணுக்கப் பழகிவிட்டாள் என்று நான் அப்போது உறுதியாக நம்பினேன். அவளிடம் வாயைத் திறந்து பேசச் சொல்லி அறிவுரையும் கொடுத்துவந்தேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களின் தரமும் குறைந்துவிட்டதாக எனக்கு ஒரு வருத்தம். உலகமே உச்சரிப்பைக் கைவிட்டுவிட்டது, நான் மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு.

வேறு யாராவது என்றால் புகாரை வாங்கி மூலையில் போட்டிருப்பார்கள். வயரக்கா திருவிழாவுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பிவிட்டார். அவர் தாளில் 'இடைஞ்சல்' என்று ஒரு பகுதி உண்டு. பக்கத்தில் இருக்கும் மின்சாரச் சாதனங்கள் தொலைபேசியின் ஒலியைக் கெடுக்கலாம். அந்தப் பகுதியை வைத்து என் மேசையையே அக்கக்காகப் பிரித்தார். முதலில் என் கைப்பேசி இழுப்பறைக்குள் போனது. புகார் தீரவில்லை. அடுத்து மேசை விசிறி போனது. ஜார்ஜ் டவுன் வெயிலில் விசிறி இல்லாமல் ஒரு வாரம் வெந்தேன். புகார் தீரவில்லை. பிறகு, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறியபோது வாங்கிவந்த, பட்டரியில் கண்சிமிட்டும் முருகன் படம். கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதன் பட்டரியைக் கழற்றினார். அதுவும் வீண். என் மேசையைச் சன்னல் பக்கம் மாற்றினார், பிறகு சுவர்ப் பக்கம். கடைசியில் என் போனை மாலதிக்கும், மாலதியின் போனை எனக்கும் மாற்றிவைத்தார். என் பழைய போன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்றாள் மாலதி. அவளுடைய நல்ல போன் என் கைக்கு வந்ததும் கெட்டுப்போனது.

இதிலிருந்து ஒரு குழந்தைகூட உண்மையைக் கண்டுபிடித்திருக்கும். நான் கண்டுபிடித்தது, எனக்கு நேரம் சரியில்லை என்பது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வயரக்கா கீழே ஸ்டோர் ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். லைனை டெஸ்ட் பண்ண வேண்டும், ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன், கேட்டதை எழுதிக்கொண்டே வா என்றார். எழுதினேன். ஒரு கட்டத்தில் அவர் 'கடை' என்றார். எழுதினேன். மறுபடியும் 'கடை' என்றார். எழுதினேன். மூன்றாவது, நான்காவது முறையும் 'கடை'. இந்த அக்காவுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று எண்ணிக்கொண்டு நான்கு கடைகளையும் வரிசையாக எழுதிவைத்தேன். பிறகு போனை மற்றக் காதில் வைக்கச் சொல்லி இன்னொரு பட்டியல். அதிலும் அதே கதை. முடிந்ததும் மாலதியை என் நாற்காலியில் உட்காரவைத்து, அதே போனில், அதே சொற்களைச் சொன்னார். நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட இறங்கிய பிறகு வயரக்கா மேலே வந்தார். மாலதியின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தாள்களையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் தாளில், கடை, கடை, கடை, கடை. மாலதியின் தாளில், கடை, படை, தடை, சடை.

"தம்பி, போன்ல கோளாறு இல்ல."

"அப்ப வயர்லயாக்கா?"

"வயர்லயும் இல்ல."

தன் காதை விரலால் லேசாகத் தொட்டுக்காட்டினார். "இங்க இருக்கலாம்னு நெனைக்கிறேன். நான் டாக்டர் இல்ல. நீ ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வயரக்கா ஆயிற்றே. கருவிப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. கீழே அரைப் பக்கம், காது சரியாகக் கேட்காதவர்கள் இந்தத் தொலைபேசியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று. ஒலியைக் கூட்டுவது, மணிக்குப் பதிலாக விளக்கு எரியவைப்பது, காதுக்கருவியோடு பொருத்துவது. "இந்த அரப் பக்கத்த பதிமூணு வருஷமா வச்சிருக்கேன் தம்பி. இதுவரைக்கும் யாருக்கும் தேவப்படல" என்றார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷமே இருந்தது. சத்தியமாக இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் என்னைச் செவிடன் என்கிறாரே என்று. வயரோடு வயராகக் கிடந்து உங்களுக்குத்தான் மூளை குழம்பிவிட்டது, போனைப் பார்க்கிற வேலையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. தாள்களை அந்த நீலப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். டாக்டரைப் பார்க்கும்வரை ஊர்ப் பெயரை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை. பதினேழு வருட அனுபவசாலி திருப்பிச் சொல்வானா?

இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த நாற்காலி விவகாரம். கல்யாணத்துக்கு மேசை நாற்காலி வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். சனிக்கிழமை மாலை போன் செய்து, மறுநாள் காலை நானூறு நாற்காலியும் நாற்பது மேசையும் ஏற்ற லோரி வேண்டும், கெப்பாலா பத்தாஸ் மண்டபம் என்றார். எழுதி டிரைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், முணுமுணுக்கும் மனைவியோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

அவர் சொன்னது சுங்கை பாக்காப்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறையில்தான். ஆனால் ஒன்று அதன் வடகோடி, மற்றது தென்கோடி. டிரைவர் கெப்பாலா பத்தாஸில் ஒரு மண்டபத்தைக் கண்டுபிடித்து நானூறு நாற்காலிகளையும் அழகாக இறக்கி அடுக்கிவிட்டார். அங்கே அன்று பள்ளிக்கூட ஆசிரியர்களின் கூட்டமாம். இவ்வளவு நல்ல நாற்காலியை யார் அனுப்பினார்கள் என்று ஆச்சரியப்பட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சுங்கை பாக்காப்பிலோ தாலி கட்டும்போது முழு மண்டபமும் நின்றது. மரியாதையால் அல்ல. மாப்பிள்ளையின் பெரியப்பா, இடுப்பு ஆபரேஷன் செய்தவர், சமையல்காரரின் கவிழ்த்த அண்டாவில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தார். இதைக் கடைக்காரர் திங்கட்கிழமை காலை எங்கள் மேனேஜரிடம் சொன்னபோது, மூடிய கதவைத் தாண்டி எனக்கே கேட்டது.

மேனேஜர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் உட்கார்ந்து எழுதினேன். பல மாதங்களாக என் தொலைபேசி பழுது, பலமுறை புகார் கொடுத்தும் பராமரிப்புப் பிரிவு சரிசெய்யவில்லை. ஒவ்வொரு சொல்லும் பார்க்க உண்மைபோலவே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன் என்பதைத்தான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வயரக்காவுக்கு ஷோ-காஸ் கடிதம் போனது. ஏன் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. இதில் இன்னொரு சங்கதி இருந்தது. தொலைபேசிப் பராமரிப்பை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா என்று மேலிடம் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை நான் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். மாலதி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அல்லது பேசியிருக்கலாம், எனக்குக் கேட்டிருக்காது.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சும்மா கேட்டேன், நீ முணுமுணுக்கிறாயா என்று. அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாலு வருஷமா கத்திக்கிட்டு இருக்கேங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் தினமும் சண்டை போடுவதாக நினைக்கிறார்களாம். ஒரு தடவை சமாதானம் செய்துவைக்கவும் வந்தார்களாம். அந்தச் சமாதானத்தில் அவர்கள் சொன்னது எனக்குக் கேட்காததால், நான் தலையாட்டி அனுப்பிவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் விசாரணை. அவர், வயரக்கா, நான். வயரக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். கருவிப்பை இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். இடுப்பில் கை வைத்துவைத்துப் பை இருக்கிறதா என்று தேடினார். மடியில் அந்த நீலப் புத்தகம். அதற்குள் இரண்டு தாள்கள் இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைத் திறந்து காட்டினால் போதும், அடுத்த நிமிடம் என் கதை முடிந்தது.

போன் பழுதா என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றார் வயரக்கா. அப்படியானால் இவருக்கு ஏன் சரியாகக் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி. வயரக்கா புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். தன் வேலை போன் வரைக்கும்தான், அதற்குமேல் தான் எதையும் எழுதுவதில்லை என்று மலாயில் சொன்னார். காரணம் தெரியுமா தெரியாதா என்று மேனேஜர் அழுத்திக் கேட்டார். தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஒருவர் என்றார் வயரக்கா. அப்படியானால் இதை ஒத்துழையாமை என்று எழுத வேண்டியிருக்கும் என்றார் மேனேஜர். எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோல் வயரக்கா தலையசைத்தார்.

ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அவர். பொத்தானில் ஒரு புள்ளி போனதற்கே என்மேல் குற்றப்பத்திரிகை எழுதியவர். என் விஷயத்தில் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

நான் எழுந்து நின்றேன். போனில் ஒன்றுமில்லை சார், எனக்குத்தான் காது கேட்கவில்லை, அது எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும், தெரிந்தும் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன்.

மேனேஜர் ஏதோ சொன்னார். மெதுவாகப் பேசுகிற மனிதர். சாரி சார் என்றேன். மறுபடியும் சொன்னார். எனக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இன்னொருமுறை சாரி சார் என்று காதைக் கொஞ்சம் நீட்டினேன். அதற்குமேல் யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.

வயரக்கா என் பக்கம் சாய்ந்து, காதருகே, "ஒக்காருங்கன்னு சொல்றாரு லா தம்பி" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். வயரக்காவுக்குக் கொடுத்த கடிதத்தை மேனேஜர் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளிக் கம்பெனிப் பேச்சும் அப்படியே அமுங்கிப்போனது. நான் சுங்கை பாக்காப் போய் அந்தப் பெரியப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அண்டா சௌகரியமாகத்தான் இருந்தது என்றார். அல்லது அசௌகரியம் என்றாரோ, அன்று இன்னும் கருவி வாங்கியிருக்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நான் பாதி நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மெல்லிய எழுத்தொலிகள்தான் முதலில் போயிருக்கின்றன என்று விளக்கினாள். ஒரு மாதத்தில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது.

கருவியோடு நான் அலுவலகத்துக்குப் போன காலையில், வயரக்கா ஏழரை மணிக்கே என் மேசையில் இருந்தார். அரைப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தார். மணி அடித்தால் எரியும் சிவப்பு விளக்கைப் பொருத்தினார். தொலைபேசியின் அமைப்பைக் காதுக்கருவிக்கு ஏற்ப மாற்றினார். ரிசீவரைக் காதுமேல் அல்ல, காதுக்குச் சற்றுப் பின்னால், கருவி இருக்கும் இடத்தில் பிடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் கைப்பேசிக்கு ஏதோ செய்தி வந்தது. காதுக்குள் கருவண்டு புகுந்தமாதிரி ஒரு ரீங்காரம். துள்ளிவிட்டேன். வயரக்கா முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இதுதான் தம்பி இடைஞ்சல், உண்மையான இடைஞ்சல் என்று கைப்பேசியை வாங்கி இழுப்பறையில் வைத்து மூடினார். இத்தனை மாதம் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது அவருக்கு.

பிறகு, டெஸ்ட் பண்ண வேண்டும், இரு, நான் கீழே போய்க் கூப்பிடுகிறேன் என்று இறங்கினார். மூட்டுவலிக் காலோடு இரண்டு மாடி. நான் காத்திருந்தேன். விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

"தம்பி, கேக்குதா?"

கேட்டது. அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. ஸ்டோர் ரூம் விசிறி கிறீச்சிடுவதும் கேட்டது. இத்தனை வருடம் நான் முரட்டுக் குரல் என்று நினைத்திருந்த அந்தக் குரல், எனக்காக உரக்கப் பேசாதபோது, மெல்லிசாக, ஓரத்தில் ஒரு சின்னக் கரகரப்போடு இருந்தது. பட்டியல் எதையும் அவர் வாசிக்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், காலையில் நெத்திலிச் சம்பல் செய்ததையும், உப்புக் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதையும், மருமகன் அதைச் சொல்லாமல் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததையும் சொன்னார்.

"சரி தம்பி, லைன் நல்லாத்தான் இருக்கு. வச்சுறட்டா?"

"இன்னும் கொஞ்சம் பேசுங்கக்கா" என்றேன்.